சொந்தமாகச் செய்த விமானம்: முதல் தடவை பறக்கும் முன் தரையில் செய்ய வேண்டிய சோதனைகள், வரிசையாக

நீங்களே வடிவமைத்துச் செய்த, ரேடியோவில் ஓட்டும், இரண்டு முதல் ஐந்து கிலோ எடையுள்ள மின்சார விமானத்துக்கான வழிகாட்டி இது. வடசென்னை வியாசர்பாடியில் ஒரு மொட்டை மாடியிலும், பக்கத்துப் பள்ளி மைதானத்திலும் கல்லூரிப் பசங்களோடு இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன். சோதனைகளை எல்லோரும்தான் செய்கிறார்கள். வரிசையைத்தான் மாற்றிவிடுகிறார்கள்.

பசை காய்ந்ததும் வருகிற முதல் கேள்வி, "அண்ணா, மோட்டாரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா?" என்பதுதான். இங்கே மோட்டார் எட்டாவதாக வருகிறது. ஒவ்வொரு சோதனையும் அதற்கு முந்தையது சரி என்று நம்பித்தான் நடக்கிறது. இறக்கை தாங்குமா என்று தெரியாமல் ஈர்ப்பு மையம் (விமானத்தின் எடை முன்னும் பின்னும் சமமாகும் புள்ளி) பார்த்தால், இறக்கையை மறுபடி கட்டும்போது அந்தக் கணக்கு வீண். ஃபெயில்சேஃப் (ரேடியோ துண்டானால் விமானம் தானாக என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) பார்க்காமல் மோட்டாரை ஓட்டினால், ரேடியோ துண்டிக்கப்பட்டதும் அதை நிறுத்த யாரும் இல்லை.

கணக்குகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே விமானத்தை எடுத்துக்கொள்கிறேன்: இறக்கை நுனிக்கு நுனி 1.8 மீட்டர், முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்கு அகலம் எல்லா இடத்திலும் ஒரே 300 மி.மீ., மொத்த எடை 3.20 கிலோ, வால் சக்கரம் வைத்தது, 5 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. உங்கள் எண்களை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று, லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் தொங்கு தராசு ஒன்று, ரசமட்டம், இரும்பு ஸ்கேல், நீளாத நூல், ஆறு கிலோவாவது காய்ந்த மணல், மணலை நிரப்பச் சின்னப் பைகள், வாட் மீட்டர், செல் செல்லாக வோல்டேஜ் காட்டும் செக்கர், வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் தெர்மாமீட்டர். லைப்போ தீப்பிடித்தால் மூட, ஒரு வாளி மணல் தனியாக. சமமான மேஜை இல்லை என்றால் கேரம் போர்டு போதும். நம் பக்கத்தில் அது கிடைக்காத தெரு இல்லை. அதைவிடச் சமமான பரப்பு வீட்டில் வேறெதுவும் இருக்காது. போர்டை முதலில் ரசமட்டம் வைத்துச் சரி செய்யுங்கள்.

ஆள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பட்டியலைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் செய்து காட்ட வேண்டும். விமானத்தைக் கட்டியவரே வாசிக்கவும் கூடாது. அவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

ஒரு நோட்டு வாங்கி, எல்லா எண்ணையும் தேதியோடு எழுதுங்கள். போனில் எடுத்த போட்டோ அடுத்த மாதம் தேடினால் கிடைப்பதில்லை.

இன்னொன்று: விமானம் முழுதாக முடிந்திருக்க வேண்டும். பேட்டரி, கேமரா, ஆன்டெனா, பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் அதனதன் இடத்தில். "அதை அப்புறம் ஒட்டிக்கலாம்" என்று ஒரு பொருள் மீதம் இருந்தாலும் சோதனையைத் தொடங்காதீர்கள்.

2. வடிவம் கோணாமல் இருக்கிறதா

நூலை எடுத்து, வலது இறக்கை நுனியிலிருந்து உடலின் கடைசி முனைக்கு அளக்கவும். இடது பக்கமும் அப்படியே. 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இறக்கை திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அடுத்து மூக்கின் நடுவிலிருந்து இறக்கை நுனிகளுக்கு. பிறகு இறக்கை நுனியிலிருந்து அந்தப் பக்கத்து வால் தகட்டின் நுனிக்கு.

பின்னால் நின்று பார்த்தால் இறக்கையும் கிடைமட்ட வால் தகடும் இணையாகத் தெரிய வேண்டும். இறக்கையில் முறுக்கு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று கடலை ஒட்டிய வீடுகளில் ஈரக்காற்றில் பால்சா மரம் ஒரே வாரத்தில் முறுக்கிக்கொள்ளும். கட்டிய அன்று நேராக இருந்தது என்பது கணக்கில் வராது, சோதிக்கிற அன்று பார்க்க வேண்டும்.

கடல் உப்பு பட்ட கனெக்டர்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பச்சை படிந்த முனையைத் துடைத்து மறுபடி போடுவது மிச்சம் பிடிப்பது போல் தெரியும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

மோட்டார் மவுன்ட்டோ லேண்டிங் கியர் பிடிமானமோ பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் செய்தது என்றால் இங்கேயே நிறுத்துங்கள். பிஎல்ஏ சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பிக்கும். மே மாதம் கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருந்தாலே அந்தச் சூட்டை நெருங்கிவிடும். ஓடுகிற மோட்டாரின் சூடு அதற்கு மேல். பிளைவுட்டிலோ அலுமினியத்திலோ மாற்றிவிட்டு வாருங்கள்.

3. இறக்கைக்கு மணல் சோதனை

இதை இவ்வளவு முன்னால் வைப்பதற்குக் காரணம், உடைந்தால் இப்போதே உடையட்டும் என்பதுதான். பின்னால் உடைந்தால் அதுவரை செய்த அளவு எல்லாம் போச்சு.

விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, உடலை மட்டும் இரண்டு மரக்கட்டையில் நிறுத்துங்கள். இறக்கை எதையும் தொடக்கூடாது. பறக்கும்போது இறக்கையை மேலே தள்ளுகிற விசை, இப்போது மணலின் எடையாகக் கீழே இழுக்கும்.

எவ்வளவு மணல்? சாதாரணத் திருப்பங்களுக்கு, விமானத்தின் எடையைப் போல் மூன்று மடங்கு விசையை இறக்கை தாங்கினால் முதல் பறத்தலுக்குப் போதும். ஆனால் இறக்கை தன் எடையைத் தானே சுமந்துகொள்கிறது, அதனால் அதைக் கழிக்க வேண்டும். நம் விமானத்தில் இறக்கை மட்டும் 0.9 கிலோ. மீதி 2.3 கிலோவின் மூன்று மடங்கு 6.9. கவிழ்த்து வைத்த இறக்கையின் சொந்த எடை 0.9 ஏற்கெனவே கீழே இழுப்பதால் அதையும் கழித்தால் மணல் 6 கிலோ. பக்கத்துக்கு 3.

அந்த 3 கிலோவைச் சமமாகப் பரப்புவதுதான் வழக்கமான தவறு. தூக்கு விசை நடுவில் அதிகம், நுனியில் குறைவு. உடலை ஒட்டிய முதல் 36 செ.மீ.யில் 1.5 கிலோ, அடுத்த 36 செ.மீ.யில் 1.2 கிலோ, கடைசி 18 செ.மீ.யில் 0.3 கிலோ என்று வையுங்கள். பைகள் முன் விளிம்பிலிருந்து கால் பங்கு அகலத்தில் வரிசையாக இருக்கட்டும். பின்னால் தள்ளி வைத்தால் இறக்கை முறுக்கும். அது வேறு சோதனை.

இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு பையாக வைத்து, கிறீச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். இறக்கை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டதா என்று நூலை வைத்து அளக்க வேண்டும். திரும்பாமல் கொஞ்சம் வளைந்தே நின்றால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அந்த இறக்கையை நம்பாதீர்கள்.

4. எடையும் ஈர்ப்பு மையமும்

முழு வழிகாட்டியில் ஒரு படிக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இதைத்தான் கையில் கொடுப்பேன். மற்ற பிழைகளோடு விமானம் பாதியாவது திரும்பி வரும். வால் கனத்த விமானத்தை ஓட்டத் தெரிந்தவரும் காப்பாற்றுவது கஷ்டம், ஏனென்றால் மூக்கு மேலே போக ஆரம்பித்தால் அது தானாக இன்னும் மேலே போகும்.

விரல் நுனியில் இறக்கையைத் தாங்கிப் பார்ப்பது அரைக் கிலோ விமானத்துக்குச் சரி. மூன்று கிலோவுக்கு விரல் பத்து மி.மீ. ஏமாற்றும். தராசில் போடுங்கள்.

கேரம் போர்டின் மேல் விமானத்தை வைத்து, உடல் ரசமட்டத்துக்கு வரும்படி வால் சக்கரத்தின் கீழே கட்டை வையுங்கள். ஒரே தராசு இருந்தாலும் முடியும்: மற்ற சக்கரங்களின் கீழே தராசின் அதே உயரத்துக்குப் பலகை வைத்து, சக்கரம் சக்கரமாகத் தராசை மாற்றி எடுங்கள். கட்டையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் விட்டார்கள்.

நம் விமானத்தில் வந்தது: வலது சக்கரம் 1.45, இடது 1.47, வால் 0.28 கிலோ. மொத்தம் 3.20. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து பின்னோக்கி அளந்தால் முன் சக்கரங்களின் அச்சு 30 மி.மீ., வால் சக்கரம் 780 மி.மீ.

2.92 ஐ 30 ஆல் பெருக்கினால் 87.6. 0.28 ஐ 780 ஆல் பெருக்கினால் 218.4. கூட்டினால் 306. அதை மொத்த எடை 3.20 ஆல் வகுத்தால் 95.6. ஆக, ஈர்ப்பு மையம் முன் விளிம்பிலிருந்து 95.6 மி.மீ. பின்னால் இருக்கிறது. 300 மி.மீ. அகலத்தில் அது ஏறக்குறைய 32 சதவீதம்.

இப்படி நேரான இறக்கையும் சாதாரண வாலும் உள்ள விமானத்துக்கு முதல் பறத்தலில் 25 முதல் 28 சதவீதத்துக்குள் வைப்பது பாதுகாப்பு. 28 என்றால் 84 மி.மீ. அதற்கு, கூட்டுத்தொகை 306 இலிருந்து 268.8 ஆகக் குறைய வேண்டும். குறைய வேண்டியது 37.2. பேட்டரி 0.62 கிலோ. 37.2 ஐ 0.62 ஆல் வகுத்தால் 60. பேட்டரியை 60 மி.மீ. முன்னால் நகர்த்தினால் வேலை முடிந்தது, ஒரு கிராம்கூடச் சேர்க்கவில்லை.

மூக்கில் ஈயம் ஒட்டுவது கடைசி வழி. முதலில் நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள். பேட்டரி நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, அங்கே ஒரு சின்னத் தடுப்பும் ஒட்டுங்கள். வெல்க்ரோ மட்டும் போதாது. எங்கள் குழுவில் ஒரு விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போது பேட்டரி நாலு விரற்கடை பின்னால் சறுக்கியது. மேலே போனது அப்படியே வாலால் இறங்கியது. தராசில் வந்த எண் சரியாகத்தான் இருந்தது. பேட்டரிதான் அந்த எண்ணில் நிற்கவில்லை.

வலது இடது வித்தியாசம் 20 கிராம்தான், பரவாயில்லை. அதிகமாக இருந்தால் லேசான பக்கத்து இறக்கை நுனியில் ஒரு நாணயம் ஒட்டிச் சரிக்கட்டலாம்.

5. ப்ரொப்பெல்லர் இல்லாமல் மின்சாரம்

ப்ரொப்பெல்லரைக் கழற்றி, விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேறு ஒருவரின் பையில் வைக்கச் சொல்லுங்கள். எட்டாவது படி வரை அது அங்கேயே இருக்கட்டும்.

எப்போதும் ரேடியோ முதலில் ஆன், விமானம் அப்புறம். அணைக்கும்போது தலைகீழ். பழக்கத்தில் வரும் வரை வாயால் சொல்லிச் செய்யுங்கள்.

விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது அய்லரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் தகடு) மேலே, இடது கீழே. எலிவேட்டர் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் (கிடைமட்ட வாலில் அசையும் தகடு) மேலே. ரட்டர் (செங்குத்து வாலில் அசையும் தகடு) வலம் என்றால் ரட்டரும் வால் சக்கரமும் வலம். மூக்குப் பக்கம் நின்று பார்ப்பவர்கள்தான் இதில் குழம்புகிறார்கள்.

அப்புறம் ஒவ்வொரு தகட்டையும் விரலால் ஆட்டுங்கள். 1 மி.மீ.க்கு மேல் சும்மா ஆடினால் ஹார்ன் (தகட்டில் ஒட்டிய சின்ன நெம்பு) துளை பெரிதாகியிருக்கும், அல்லது அதை இழுத்துத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளைந்திருக்கும். வேகத்தில் அந்த ஆட்டம் படபடப்பாக மாறித் தகட்டையே பிய்த்துவிடும்.

கடைசியாக இரண்டு ஸ்டிக்கையும் ஒரு நிமிடம் வட்டமாகச் சுழற்றி, எல்லா சர்வோவையும் (தகடுகளை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) ஒன்றாக வேலை வாங்குங்கள். அந்த நேரம் ரிசீவருக்குப் போகும் வோல்டேஜ் 5க்குக் கீழே இறங்கினால் பேட்டரி வோல்டேஜைக் குறைத்து ரிசீவருக்குக் கொடுக்கும் அந்தப் பெக் (BEC) போதாது, பெரியது போடுங்கள். ஒவ்வொரு சர்வோவாகச் சோதித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

6. ஆட்டோபைலட் வைத்திருந்தால்

வைக்காதவர்கள் அடுத்ததற்குப் போகலாம். வைத்தவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும்.

நேர் கட்டுப்பாட்டில் தகடுகள் சரியான திசையில் போவதால், தானாகச் சமன் செய்யும் மோடிலும் சரியாகப் போகும் என்று நினைக்கிறார்கள். இரண்டும் தனித்தனி அமைப்பு. ஒன்று சரி, மற்றது தலைகீழ் என்றால் மோடு மாற்றிய நொடியில் விமானம் உருண்டு விழும்.

சமன் செய்யும் மோடில் போட்டு, ஸ்டிக்கைத் தொடாமல் விமானத்தைக் கையில் தூக்குங்கள். மனதில் வைக்க ஒரே விதி: எந்தப் பக்கம் உயர்கிறதோ, அந்தப் பக்கத்துத் தகடும் உயர வேண்டும். வலது இறக்கையைத் தூக்கினால் வலது அய்லரான் மேலே. வாலைத் தூக்கினால் எலிவேட்டர் மேலே. உயர்ந்ததை அது கீழே அமுக்கப் பார்க்கிறது என்று அர்த்தம்.

காம்பஸ் அளவீட்டை மொட்டை மாடியில் செய்யாதீர்கள். அடுத்த மாடி கட்ட விட்டுவைத்த கம்பி, தளத்துக்குள் இருக்கும் கம்பி, இரும்பு ஸ்டாண்டில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் காந்தத்தைக் குழப்பும். கன்டெய்னர் லாரி நிற்கும் தெரு இன்னும் மோசம். மைதானத்தின் நடுவில், பைக் சாவியையும் போனையும் பையோடு தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் விமானத்தை நான்கு பக்கமும் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் 90 டிகிரி மாறுகிறதா என்று சரிபாருங்கள்.

காற்று வேகம் அளக்கும் பிட்டாட் குழாய் இருந்தால், ஆன் செய்யும்போது அதன் மேல் துணியைத் தளர்வாக மூடுங்கள். காற்றடிக்கும்போது திறந்திருந்தால் அந்தக் காற்றையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு துணியை எடுத்து மெதுவாக ஊதினால் எண் ஏற வேண்டும்.

7. ரேஞ்சும் ஃபெயில்சேஃபும்

ரேடியோவின் ரேஞ்ச் செக் மோடில் சக்தி வேண்டுமென்றே குறைக்கப்படும். அந்த மோடில், ரேடியோ தயாரித்தவர் சொன்ன தூரத்துக்கு நடங்கள். பெரும்பாலும் முப்பது மீட்டர் அளவு இருக்கும். நண்பர் விமானத்தை மெதுவாகச் சுற்றித் திருப்ப, நீங்கள் தகடுகளை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கோணத்தில் மட்டும் தடுமாறினால் ஆன்டெனா பேட்டரிக்கோ கார்பன் குழாய்க்கோ பின்னால் மறைந்திருக்கிறது.

ஃபெயில்சேஃப்: த்ராட்டிலை (மோட்டார் வேகத்துக்கான ஸ்டிக்) பாதியில் வைத்து ரேடியோவை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். ஆட்டோபைலட் என்றால் வீடு திரும்பும் மோடுக்கு மாறியதா என்று கணினித் திரையில் பாருங்கள். இந்த மோடில் மோட்டார் மறுபடி சுற்றலாம், அதனால்தான் ப்ரொப்பெல்லர் இன்னும் நண்பரின் பையில்.

8. இப்போது மோட்டார்

ப்ரொப்பெல்லரைச் சமன் பார்த்து மாட்டுங்கள். எழுத்து அச்சிட்ட பக்கம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். வாலைக் கயிற்றால் தொங்கு தராசில் கட்டி, தராசை அசையாத தூணில் கட்டுங்கள். சக்கரத்தின் கீழே வழவழப்பான பலகை. கரடுமுரடான தரையில் சக்கரம் உரசி, தள்ளு விசையைக் குறைத்துக் காட்டும்.

எல்லோரும் விமானத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். ப்ரொப்பெல்லர் சுற்றும் தளத்தின் பக்கவாட்டில் யாரும் வேண்டாம், உடைந்தால் துண்டு அங்கேதான் பறக்கும். துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, லுங்கி எதுவும் கிட்டே வரக்கூடாது. தரையை ஒரு முறை கூட்டிவிடுங்கள். நம் மாடிகளிலும் மைதானங்களிலும் அறுந்த காத்தாடி நூல் எப்போதும் கிடக்கும். அது மோட்டார் தண்டில் சுற்றினால் பேரிங் வரை இறங்கிவிடும்.

முதலில் கால் த்ராட்டில், அப்புறம் பாதி, அப்புறம் இருபது விநாடி முழுசாக. முழு த்ராட்டிலில் ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். 60 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) என்றால் 45ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. நம் வெயிலில் அந்த இடைவெளி கட்டாயம் தேவை. நிறைத்த 5 செல் பேட்டரி 21 வோல்ட். முழு இழுப்பில் 17.5க்குக் கீழே போனால் பேட்டரி பழசு, அல்லது ப்ரொப்பெல்லர் பெரிது. தொங்கு தராசில் விமானத்தின் எடையில் 60 சதவீதமாவது, அதாவது 1.9 கிலோவாவது வர வேண்டும்.

பிறகு பாதி த்ராட்டிலில் இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிவிட்டு வெப்பம் பாருங்கள். ஈஎஸ்சி 80 டிகிரியை நெருங்கினால் அதற்குக் காற்று போகவில்லை. ஆட்டோபைலட் பதிவில் அதிர்வு 30ஐ (மீ/வி²) தாண்டினால் ப்ரொப்பெல்லர் சமன், மோட்டார் ஸ்க்ரூ, போர்டின் கீழுள்ள பஞ்சு மூன்றையும் பாருங்கள்.

மோட்டார் ஓடும்போது ரேஞ்ச் செக்கை மறுபடி செய்ய வேண்டும். மோட்டாரும் ஈஎஸ்சியும் ரேடியோ சிக்னலுக்கு இடையூறு செய்கின்றனவா என்று வேறெப்படியும் தெரியாது.

9. தரையில் ஓட்டம்

காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருங்கள். ஏழுக்குள் கிரிக்கெட் குழுக்கள் வந்துவிடும். முற்பகல் தாண்டினால் கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறும்.

முதலில் நடக்கும் வேகம். ரட்டரைத் தொடாமல் நேராக ஓடுகிறதா? ஒரே பக்கம் இழுத்தால் சக்கர அச்சைத் திருத்துங்கள், ரேடியோவில் ட்ரிம் (ஸ்டிக்கைத் தொடாதபோது தகடு நிற்கும் இடத்தை மாற்றும் அமைப்பு) போட்டு மறைக்காதீர்கள். ஆகாயத்தில் அதே ட்ரிம் விமானத்தை எதிர்ப்பக்கம் திருப்பும்.

பிறகு வேகத்தைக் கூட்டலாம். நம் விமானம் மிதக்கும் குறைந்தபட்ச வேகம் கணக்குப்படி மணிக்குச் சுமார் 33 கி.மீ. அதில் 60 சதவீதம், 20 கி.மீ., அதுதான் உச்சவரம்பு. நாலைந்து ஓட்டம் நன்றாகப் போனதும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், இன்னும் கொஞ்சம் தள்ளலாமே என்று. அப்படித்தான் விமானம் எதிர்பாராமல் எழும்பும். பதறி த்ராட்டிலை இழுப்பார்கள். ஐந்தடி உயரத்திலிருந்து விழுந்து கியர் முறியும்.

தரை ஓட்டம் நடந்த மைதானம் பறக்கவிடும் இடம் ஆகாது. எண்ணூர், மணலி பக்கம் துறைமுகம், அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சுற்றிப் பருந்துகள். 2021 ட்ரோன் விதிகளில் 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை சிறிய வகை. நம்முடையது அதில் வருகிறது. மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலத்தைப் பார்த்து, பதிவு வேலையை முன்கூட்டியே முடித்து, நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கித்தான் பறக்க வேண்டும்.

10. எதை மாற்றினால் எங்கே திரும்ப வேண்டும்

ப்ரொப்பெல்லர் மாற்றினால் எட்டாவதுக்கு. பேட்டரி மாற்றினால், அதே கொள்ளளவு என்றாலும், நான்காவதுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி எடை மாறும். சர்வோ மாற்றினால் ஐந்திலிருந்து. ஆட்டோபைலட் போர்டைக் கழற்றி மாட்டினால் ஆறிலிருந்து, "அதே இடத்திலதான்ணா வெச்சேன்" என்றாலும். வாலில் எது ஒட்டினாலும் நான்குக்கு: வாலில் 20 கிராம் என்பது நம் விமானத்தில் ஈர்ப்பு மையத்தைக் கிட்டத்தட்ட 4 மி.மீ. பின்னால் தள்ளும். கீழே விழுந்தாலோ கியர் முறிந்தாலோ இரண்டிலிருந்து.

தரை ஓட்டம் முடிந்த அன்றே பறக்கவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தொட்டுப் பாருங்கள்; அரை மணி நேர ஓட்டத்தில் இரண்டு ஸ்க்ரூவாவது தளர்ந்திருக்கும். மோட்டார் மவுன்ட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரியை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வைத்து, பறக்கப் போகிற காலையில் மட்டும் நிறையுங்கள்.